கேட்டவர் பொறுப்பு

மலேசியாவின் காம்பாரில் நான் பட்டப்படிப்புக்கு முந்தைய அடித்தளக் கல்வி படித்த ஆண்டில் ஆங்கிலமும் ஆய்வுச் சிந்தனையும் என்று ஒரு பாடம் இருந்தது. கணக்கு, பொருளியல் எல்லாவற்றையும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். இதில் மட்டும் முதல் தடவை மண்ணைக் கவ்வினேன். ஆங்கிலம் வராததால் அல்ல. திக்கித் திணறியாவது பேசிவிடுவேன். எல்லோரும் சொன்னதை ஒத்துக்கொண்டதால் தோற்றேன்.

வாய்மொழித் தேர்வில் நான்கு பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள். நாங்கள் விவாதிக்க, விரிவுரையாளர் ஓரமாக உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். வகுப்பில் கைத்தொலைபேசி வேண்டுமா, வேண்டாமா என்பது எங்களுக்கு வந்த தலைப்பு. ஒருவன் வேண்டும் என்றான். ‘ஐ அக்ரீ வித் மை ஃபிரெண்ட்’ என்றேன். அடுத்தவள் கூடவே கூடாது என்றாள். அவளையும் அக்ரீ செய்தேன். மூன்றாமவன் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றான். அவனை இன்னும் உற்சாகமாக அக்ரீ செய்தேன். விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இவர்களில் யாரோடுதான் நீ முரண்படுகிறாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “யெஸ் மேடம், ஐ அக்ரீ” என்றேன்.

அவர் யாழ்ப்பாண வழி வந்த குடும்பத்துப் பெண்மணி. வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள் அல்லது டாக்டர்கள் என்று சொல்வார்கள். வகுப்பில் மருந்துக்குக்கூடத் தமிழ் வராது. எங்கள் கட்டுரைகளின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘யார் சொன்னது?’ என்று எழுதுவது அவருடைய வழக்கம். ‘எல்லோருக்கும் தெரிந்தபடி’ என்று நான் தொடங்கியிருந்தால் ‘எனக்குத் தெரியாதே’ என்று எழுதியிருப்பார். ‘காலங்காலமாக நம்பப்படுகிறது’ என்றால் ‘யாரால்?’ என்று இருக்கும். என் தாள் ஒவ்வொன்றும் அம்மை போட்ட முகம் மாதிரி திரும்பி வரும். கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து என்ன பயன் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அதையும் மனத்துக்குள் ஒத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவையும் தவறினால் பட்டப்படிப்பு கிடையாது. அப்படி ஆனால் நான் எங்கே போவேன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அம்மா ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. “மகள் வருவாளா?” என்று மேற்பார்வையாளர் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தார். அம்மா, ‘வரமாட்டாள்’ என்றும் சொல்லவில்லை, ‘வருவாள்’ என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கையுறை மாவு மணக்கும் கையால் என் தலையைத் தடவிவிட்டுச் சமைக்கப் போனார். எனக்கு அந்த வாடை பிடிக்காது. அன்றைக்கு இன்னும் பிடிக்கவில்லை.

நான் ஏன் கேள்வி கேட்பதில்லை என்று விளக்க வேண்டுமானால் எங்கள் கோயில் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் எங்கள் தோட்டம் இருந்தது. முதலில் ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, பிறகு செம்பனையும் போய்த் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள் வந்தன. தொழிலாளர் லயத்தில் இருந்த சனங்கள் ஈப்போ, காம்பார், சித்தியவான் என்று சிதறிவிட்டார்கள். முருகன் கோயில் மட்டும் வரிசை வீடுகளுக்கும் ஒரு பெரிய பேரங்காடிக்கும் நடுவில் அப்படியே நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழா. அதற்கு முன்னால் தகரக் கொட்டகையின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடக்கும். எல்லாம் பேசி முடித்த பிறகு தலைவர் எழுந்து, “வேற கேள்வி உண்டா?” என்பார். கொட்டகையில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். ஏனென்றால் எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கேட்டவர்தான் அதைச் செய்ய வேண்டும்.

ஜெனரேட்டர் ஏன் இப்படிப் புகைகிறது என்று ஒருமுறை சித்தப்பா கேட்டுவிட்டார். “சரி, நீயே பாத்துக்க” என்றார் தலைவர். அன்று முதல் அவர் ஜெனரேட்டர் சித்தப்பா. எலுமிச்சம்பழம் போதுமா என்று கேட்ட பாவத்துக்கு இன்னொருவர் எலுமிச்சம்பழ மாமா ஆனார். அவருடைய மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதுகூட “எலுமிச்சம்பழம் வீட்டுக் கல்யாணம்” என்றுதான் எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம். அம்மாவின் பெயர் கூடார அக்கா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்திருக்கிறார். மழை வந்தால் பிள்ளையை எங்கே வைப்பது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். நான் நடக்கப் பழகி, பள்ளிக்குப் போய், பெரியவளாகி, இந்தப் பாடத்தில் தோற்கும் வரைக்கும் திருவிழாக் கூடாரம் அம்மாவுடையது. அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் அம்மா வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அப்பா இன்னும் கெட்டிக்காரர். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர், கூட்டத்துக்கு வந்ததும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

மறுதேர்வுக்கு விரிவுரையாளர் எனக்கென்று ஒரு வேலை கொடுத்தார். உன் சமூகத்தில் நடக்கும் ஒரு கூட்டத்துக்குப் போ, அங்கே எடுக்கப்படும் ஒரு முடிவைக் கேள்வி கேள், பதில் வந்தால் அதையும் கேள்வி கேள், நடந்ததை எழுதிக்கொண்டு வந்து ஆங்கிலத்தில் பேசு என்றார். எங்கள் ஆட்களின் சட்டத்தை அவருக்குச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். யார் சொன்னது என்பார். பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த ஆண்டுக் கூட்டத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். தலைவர் என்னைப் பார்த்து மகிழ்ந்துபோனார். அவர் அந்தக் காலத்தில் எண்ணெய் லாரி ஓட்டியவர். ஊர்வலத்தில் சாமியை ஏற்றிச் செல்லும் லாரியையும் பல ஆண்டுகள் அவரே ஓட்டினார். ஊர்வலப் பாதையை வழக்கம்போல வாசித்தார். கோயிலில் புறப்பட்டு, பழைய லயத்தைச் சுற்றி, அதாவது இப்போது அங்கே இருக்கும் கார் கழுவும் கடையைச் சுற்றி, பிறகு பேரங்காடியின் கார் நிறுத்தத்துக்குள் நுழைந்து, சாமான் வாங்குகிறவர்களுக்கான தள்ளுவண்டிகள் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் நின்று கற்பூரம் காட்டித் திரும்ப வேண்டும்.

வெளியாட்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். எங்களுக்குப் பழகிவிட்டது. கார் நிறுத்தத்தின் வாசலில் தடுப்புக் கட்டை இருக்கும். பொத்தானை அமுக்கிச் சீட்டு எடுத்தால்தான் கட்டை உயரும். சாமியாக இருந்தாலும் சீட்டு எடுக்க வேண்டும். நாதஸ்வரம், உறுமி எல்லாம் நின்றுவிடும். லாரி ஓட்டுநர் கையை நீட்டிப் பொத்தானை அமுக்குவார். இயந்திரம் மலாய்ப் பெண் குரலில் சாமியை வரவேற்கும். கட்டை உயர்ந்ததும் எல்லோரும் ‘வேல் வேல்’ என்று கத்துவோம். உள்ளே கொஞ்ச நேரம்தான் இலவசம். அதற்குள் வெளியே வராவிட்டால் கட்டணம். அதனால் குருக்கள் அங்கே மட்டும் மந்திரத்தை மூச்சுவிடாமல் சொல்லுவார்.

தலைவர் “வேற கேள்வி உண்டா?” என்றார். நான் கையைத் தூக்கினேன்.

பின்னாலிருந்து அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் எழுந்துவிட்டேன்.

“மாமா, நாம ஏன் கார் பார்க்குக்குள்ள போறோம்?”

யாரோ ஒருவர் “ஐயோ பாவம்” என்றார். தலைவர் மட்டும் அன்பாகச் சிரித்தார்.

“நல்ல கேள்வி கண்ணு. அந்தப் பாதையை இந்த வருசம் நீயே பாத்துக்க.”

பதில் வந்தால் அதையும் கேள்வி கேள் என்பது விரிவுரையாளரின் கட்டளை. எனக்கு மதிப்பெண் வேண்டும். “இல்ல மாமா, இத முதல்ல யார் முடிவு பண்ணது?” என்றேன்.

“அதையும் நீயே விசாரிச்சுச் சொல்லு.”

“போலிசுக்குத் தெரியுமா?”

“போலிஸ் பெர்மிட்டும் உன்னுது.”

இந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் பயத்தில் நாக்கு தானாக ஓடியது. “எல்லாத்தையும் என் தலையில கட்டுனா எப்படி மாமா? அப்புறம் சாப்பாட்டையும் நான்தான் பாக்கணுமா?”

“சாப்பாடா? பாத்துக்க லா, தாராளமா!” என்று தலைவர் கையைத் தட்டினார். சாப்பாட்டை அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். அவருடைய கண்ணில் நீர் நின்றது. நான் திருதிருவென்று விழித்து, “ஐயோ, இதையெல்லாம் நான் எப்படிச் செய்யறது?” என்றேன். அதுவும் கேள்விதான் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். எப்படிச் செய்வது என்பதையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கொட்டகையே கைதட்டியது. இளம் வயதில் இவ்வளவு பக்தியா என்று ஓர் அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளினார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா வெடித்தார். “வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா ஒனக்கு? படிக்கிற பிள்ளையா நீ? பரிச்சைய வச்சிக்கிட்டு வம்ப வெலைக்கு வாங்கிட்டு வந்து நிக்கிற!”

“பரிச்சைக்காகத்தாம்மா கேட்டேன்.”

“கேள்வி கேக்கறதுக்கு ஒரு பரிச்சையா?” அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவளைக் காம்பாருக்கு அனுப்பியது தப்போ என்று அவர்கள் நினைத்தது என் காதில் விழாத குறைதான்.

அடுத்த வாரங்களில் என் படிப்பு போன இடம் தெரியவில்லை. காலையில் வகுப்பு, மத்தியானம் பஸ் பிடித்துப் போலிஸ் நிலையம், சாயங்காலம் அரிசிக்கடை. பெர்மிட் கொடுக்கும் அதிகாரி, “சாமி எதற்குப் பேரங்காடிக்குள் போகிறது?” என்று மலாயில் கேட்டார். “அதைத்தான் ஐயா நானும் கேட்டேன், அதனால்தான் இங்கே நிற்கிறேன்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

பிறகு பேரங்காடி மேலாளரைப் பார்க்கப் போனேன். நடுத்தர வயதுச் சீனர், சட்டைப் பையில் மூன்று பேனா. முந்தின இரவு கண்ணாடி முன்னால் நின்று பழகிய ஆங்கிலத்தில், எங்கள் ஊர்வலம் அவருடைய கார் நிறுத்தத்துக்குள் வருவதற்கான காரணத்தை ஆராய்வதாகச் சொன்னேன். மனிதருடைய முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இந்த வருஷம் வரமாட்டீர்களா?” என்றார் ஆங்கிலத்தில். “ஏன்? நாங்கள் என்ன தப்பு செய்தோம்?”

நான் தடுமாறிப்போனேன். விசாரித்ததில் விஷயம் இதுதான். முன்பிருந்த மேலாளர் மாற்றலாகிப் போகும்போது இவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை இந்தியர்களின் சாமி தள்ளுவண்டிகளைப் பார்வையிட வரும், தடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்து இவர் அந்த நாளில் தள்ளுவண்டிகளைக் கழுவித் துடைத்து, நேராக அடுக்கி, ஓரத்தில் ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு, மாடி ஜன்னலில் நின்று கவனிப்பாராம். சாமிக்குத் திருப்தியா என்று லாரி போகும் வேகத்தை வைத்துக் கணிப்பாராம். நாங்கள் அவசரமாக வெளியேறுவது இலவச நேரத்துக்காக என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ஏன் வருகிறது என்று உங்கள் தலைமை அலுவலகத்தை நீங்கள் கேட்டதே இல்லையா?” என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “கேட்கலாமா, ஆ? கேட்டால் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுவார்கள் லா.”

அப்பாடா என்று இருந்தது எனக்கு. நான் நினைத்ததைவிட எங்கள் சட்டம் பரவலானதுதான்.

உண்மையான காரணத்தை ஜெனரேட்டர் சித்தப்பா சொன்னார், ஜெனரேட்டரைப் பழுது பார்க்கக் கொண்டுபோக லாரியில் ஏற்ற நான் ஒரு பக்கம் பிடித்தபோது. பேரங்காடி வந்த புதிதில் சாலை நடுவில் தடுப்புச் சுவர் கட்டிவிட்டார்களாம். அந்த ஆண்டு சாமி லாரியை ஓட்டிய தலைவர், திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிட்டார். லாரியைத் திருப்ப வேறு வழியில்லாமல் கார் நிறுத்தத்துக்குள் விட்டார். உள்ளே ஒரு கார் குறுக்கே நின்றதால் தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் காத்திருக்க வேண்டியதாயிற்று. சும்மா நிற்கிறோமே என்று குருக்கள் ஒரு கற்பூரம் காட்டினார். அடுத்த ஆண்டு லாரி மறுபடி அங்கே போனபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆதாரம்! சாட்சி! விரிவுரையாளர் தேடச் சொன்னது எல்லாம் கையில் இருந்தது. திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு கடைசிக் கூட்டம். வெள்ளிக்கிழமை எனக்கு வாய்மொழித் தேர்வு, அதற்கடுத்த ஞாயிறு திருவிழா. கட்டுரையில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தைக் கூட்டத்தில் போட்டு உடைத்தால், கார் நிறுத்தத்தை விட்டுவிடுவார்கள், பாதை சுருங்கும், என் வேலையும் குறையும் என்று கணக்குப் போட்டேன்.

எழுந்து, மேலாளரின் ஆரஞ்சுப் பழத்திலிருந்து தடுப்புச் சுவர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை உஷாராக ஒரு கேள்விகூட வராமல் பேசினேன். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

“ஆமா கண்ணு, நான்தான் திருப்பம் தெரியாம விட்டேன்” என்றார். “இருவத்தஞ்சு வருசம் லாரி ஓட்டுனவன் லா நான். எனக்கே திருப்பம் தெரியலன்னா, அது நானா திருப்பினது? சாமிதான் உள்ள போகணும்னு திருப்பியிருக்கு.”

கொட்டகை முழுவதும் ‘வேல் வேல்’ என்றது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி தள்ளுவண்டிகளுக்கும் மாலை போட வேண்டும் என்று முடிவாயிற்று. மாலைக்கு யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. இந்த ஜென்மத்தில் கட்டுரை எழுத முடியாது. கேள்வி கேட்காமல் ஒருமுறை தோற்றேன், கேள்வி கேட்டு இன்னொருமுறை தோற்கப் போகிறேன். கையுறைத் தொழிற்சாலையின் அந்தக் காலி இடம் கண்முன் வந்தது. அழக்கூடாது என்று, வியர்வையில் வேட்டி நனைந்து ஒட்டியிருந்த தலைவரின் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் பழக்கத்தில், “வேற கேள்வி உண்டா?” என்றார். ஈ பறந்தது.

“எனக்கு ஒரு கேள்வி இருக்குண்ணே.”

அம்மா எழுந்து நின்றிருந்தார். வேலை முடிந்து நேராக வந்தவர், தொழிற்சாலைச் சட்டைகூட மாற்றவில்லை. அப்பா கண்ணைத் திறந்துவிட்டார்.

“என் மகளுக்கு வெள்ளிக்கிழம பரிச்ச. அவ ஒக்காந்து படிக்கணும். அவ தலையில கட்டுன வேலையெல்லாம் யாருண்ணே செய்யப் போறா?”

தலைவருக்கே தர்மசங்கடமாகிவிட்டது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அம்மா விடவில்லை.

“கேட்டுட்டேன்ல? சொல்லுங்கண்ணே.”

“சரிம்மா,” என்றார் தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு. “நீயே பாத்துக்க.”

“சரிண்ணே” என்று அம்மா உட்கார்ந்தார். பாதை, போலிஸ், சாப்பாடு, மாலை எல்லாம் கூடாரத்தோடு போய்ச் சேர்ந்தன. என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பைக்குள் எதையோ தேடுவது போலக் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் வேலையிலிருந்து வந்ததும் அம்மா சமையலறையில் நின்றபடியே போனில் அரிசி, பால், வாழையிலை என்று பேசுவார். நான் அறையில் எழுதுவேன். தண்ணீர் குடிக்க வந்தால், “இங்க என்னா வேல ஒனக்கு, போ” என்பார். உதவட்டுமா என்று கேட்க நினைத்தாலே கரண்டியைத் தூக்குவார்.

வெள்ளிக்கிழமை விரிவுரையாளர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தடுப்புக் கட்டை, சீட்டு, மேலாளர், தள்ளுவண்டிக்கு மாலை. அவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். அம்மாவின் கேள்விக்கு வந்தபோது என் ஆங்கிலம் காலை வாரியது. இலக்கணம் எங்கோ போயிற்று. எப்படியோ சொல்லி முடித்தேன்.

“உன் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டது பதில் தெரிந்துகொள்ளவா?” என்றார் அவர்.

“இல்லை மேடம். பதில் தெரிந்ததால்தான் கேட்டார்.”

“யார் சொன்னது?”

“நான் சொல்கிறேன்” என்றேன். “அவர் அந்தக் கொட்டகையில் இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறார். முதல் தடவை நான் கைக்குழந்தை. அன்றைக்கும் எனக்காகத்தான் கேட்டார்.”

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு, “ஐ அக்ரீ வித் யூ” என்றார்.

நான் வாய் தவறி, “ஏன் மேடம்?” என்று கேட்டுவிட்டேன். அவர் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அப்போது வெளியே வந்தது. போய் வா, பாஸ் என்று கையை ஆட்டினார். வராந்தாவில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் நான் பாஸ் என்றேன். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன. “அந்த மேற்பார்வையாளர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிட்டு வாரேன்” என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாமி புறப்பட்டது. அம்மா ஒருவரே எல்லா இடத்திலும் இருந்தார். கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டினார், போலிஸ்காரருக்கு மோர் கொடுத்தார், சோற்றுக் குண்டான் இறங்குவதைப் பார்த்தார். பேரங்காடி வாசலில் லாரி நின்றதும் ஓடிப்போய்த் தாமே பொத்தானை அமுக்கி, சாமிக்குச் சீட்டு எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டார். மாலை போட்ட தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. ஆரஞ்சுப் பழங்கள் தயாராக இருந்தன. மாடி ஜன்னலிலிருந்து மேலாளர் கைகூப்பினார். கற்பூரம் காட்டும்போது, “சீக்கிரம் சாமி, நேரம் ஆகுது” என்று அம்மா குருக்களை விரட்டினார்.

கோயிலுக்குத் திரும்பி, ஊர்ச் சனம் முழுவதும் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மாவைத் தேடினேன். கூடாரத்துக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட தண்ணீர் வாளி ஒன்றின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பார்க்கிங் சீட்டு இன்னும் இருந்தது. வெளியே வரும்போது இயந்திரத்தில் போட மறந்து, கட்டையைக் கையால் தூக்கிப் பிடித்துச் சாமியை வெளியே விட்டிருக்கிறார்கள்.

எனக்கு அவரிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

“சாப்டியாம்மா?” என்றேன்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

கேட்டது நான்தானே. குண்டானை நோக்கிப் போனேன், அடியில் இருந்த சோற்றைச் சுரண்டி, சாம்பார் ஊற்றி, ஓர் இலை போட்டுக்கொண்டு வந்தேன்.